படை போன இலங்கையும் படை போகாத இலங்கையும்



நம் நாட்டின் அனைத்துலக உறவுகளை வகுப்பில் விளக்கும்போது, மலேசியப் படைவீரர்கள் ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் நீலத் தொப்பியணிந்து அயல்நாடுகளுக்குச் சென்று வந்த செய்தியைக் கூறாமல் இருக்க இயலாது. 1960-இல் காங்கோ, 1993-இல் சோமாலியா, அதே ஆண்டில் போஸ்னியா என்று கரும்பலகையில் வரிசையாக எழுதிக்கொண்டிருந்தபோது, ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து, "அப்போ இலங்கைக்கு மட்டும் ஏன் டீச்சர் போகல?" என்று கேட்டாள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும் வேளையில் பெரியவர்களும் இதே கேள்வியை எழுப்பக் கேட்டிருக்கிறேன்.

பெரியவர்கள் இரு பிரிவாக நின்று வாதிடுவர். 2009-இல் ஐ.நா. ஒரு படையை அனுப்பியிருந்தால் முள்ளிவாய்க்கால் நேர்ந்திராது என்பார் ஒரு சாரார். 1987-இல் வந்த அயல்நாட்டுப் படை செய்தது போதாதா என்பார் மறு சாரார். இரு சாராரும் பேசுவது ஒரே தீவைப் பற்றி, ஒரே மக்களைப் பற்றி. ஒரே மண்ணில் அயல்படை வந்தபோதும் துயரம் நேர்ந்தது. எவரும் வராதபோதும் துயரம் நேர்ந்தது. ஆகவே, பிற நாட்டின் உள்நாட்டுப் போரில் படை இறங்க உலக மன்றங்கள் அனுமதி அளிக்கலாமா என்னும் கேள்வியை ஆராய்வதற்கு இலங்கையை விடப் பொருத்தமான பாடம் நமக்கு இல்லை.

இதைப் பேசுவதற்கு நம்மிடையே தயக்கம் உண்டு என்பதையும் அறிவேன். விடுதலைப் புலிகள் இயக்கம் 2014-இல் நம் நாட்டின் பயங்கரவாதப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2019 அக்டோபரில் அவ்வியக்கத்தோடு தொடர்பு உண்டு என்று குற்றஞ்சாட்டி 12 பேர் கைது செய்யப்பட்டனர். நம் மலாக்கா மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரும் அவர்களுள் ஒருவர். 2020 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவர் அவ்வழக்குகளைக் கைவிட்டார். அதன் பின்னும் 'இலங்கை' என்றாலே ஆசிரியர் அறையில் குரல் தாழ்ந்துவிடுகிறது. நான் எந்த இயக்கத்திற்கும் வாதாட இங்கு வரவில்லை. வரலாற்றை வரலாறாகவே பேச விழைகிறேன்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1945-இல் இயற்றப்பட்ட ஐ.நா. சாசனத்தின் இரண்டாம் விதி, ஒரு நாட்டின் உள்விவகாரங்களில் ஐ.நா. தலையிடாது என்கிறது. அதே விதி ஒரு விலக்கையும் வைத்திருக்கிறது. உலக அமைதிக்கு ஊறு நேரும் என்று பாதுகாப்பு மன்றம் கருதினால், சாசனத்தின் ஏழாம் அத்தியாயத்தின்படி படைபலத்தையும் பயன்படுத்தலாம். மன்றத்தின் 15 உறுப்பு நாடுகளுள் 9 இணங்க வேண்டும். அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்சு ஆகிய ஐந்தில் ஒன்றுகூட எதிர்த்து வாக்களிக்கக் கூடாது. இந்தத் தடுப்பு அதிகாரத்தையே வீட்டோ என்கிறோம்.

ஆக, ஒரு போர் 'உள்விவகாரமா', 'உலக அமைதிக்கு ஊறா' என்று பெயரிடுவதிலேயே பாதி முடிவு அடங்கியிருக்கிறது. நம் தோட்டப்புற மக்கள் இதனை அனுபவத்தால் அறிவர். 1948 முதல் 1960 வரை மலாயாவில் நடந்தது உண்மையில் ஒரு போர். பிரிட்டன் அதற்கு 'அவசரகாலம்' என்று பெயர் சூட்டியது. போர் என்று அறிவித்தால் தோட்டங்களுக்கும் ஈயச் சுரங்கங்களுக்கும் காப்புறுதி நிறுவனங்கள் இழப்பீடு தர மறுக்கும் என்பதும் அதற்கு ஒரு காரணம் என்று வரலாற்று நூல்கள் கூறும். தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி 1949 மே மாதத்தில் தூக்கிலிடப்பட்டதும், மக்கள் வேலிக்குள் குடியமர்த்தப்பட்டதும் அந்தப் 'பெயருக்குள்' நடந்தவையே. பிரிட்டன் தன் ஆட்சிக்குட்பட்ட நிலத்தின் உள்விவகாரம் என்றே அதனை நடத்தியது.

சாசனத்தின் விலக்கு முதன்முதலில் பெரிய அளவில் சோதிக்கப்பட்ட இடம் காங்கோ. 1960 ஜூன் 30-இல் பெல்ஜியத்திடமிருந்து விடுதலை பெற்ற அந்நாடு இரு வாரங்களுக்குள் சிதறத் தொடங்கியது. தாமிரச் சுரங்கங்கள் நிறைந்த கட்டாங்கா மாநிலம் பிரிந்துபோவதாக அறிவித்தது. ஜூலை 14-இல் பாதுகாப்பு மன்றம் படை அனுப்ப இசைந்தது. ஆகஸ்டுத் தீர்மானமோ, ஐ.நா. படை உள்நாட்டுச் சண்டையில் எந்தத் தரப்பிலும் சேராது என்று உறுதி கூறியது. அந்த உறுதி ஆறு மாதமே நிலைத்தது. பிரதமராக இருந்த லுமும்பா 1961 ஜனவரியில் கட்டாங்காவில் கொல்லப்பட்டார். அதன் பின்னர், உள்நாட்டுப் போரைத் தடுக்க இறுதி வழியாகப் படைபலத்தையும் பயன்படுத்தலாம் என்று பிப்ரவரி 21-இல் மன்றம் தீர்மானித்தது.

விடுதலை அடைந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்த மலாயா அங்குப் படை அனுப்பியது என்பது நினைவுகூரத் தக்கது. இந்தியாவும் ஒரு பெரிய படைப்பிரிவை அனுப்பியது. விளைவு என்ன? கட்டாங்காவின் பிரிவினை 1963 ஜனவரியில் முடிவுற்றது. காங்கோ ஒரே நாடாக நிலைத்தது. ஆனால் 1961 நவம்பரில், மலாயா வீரர்கள் முகாமிட்டிருந்த கிண்டு நகரில் ஐ.நா.வுக்காகப் பணியாற்றிய 13 இத்தாலிய விமானப்படையினரைக் கலகக்காரர்கள் கொன்றனர். ஐ.நா. பொதுச் செயலாளர் டாக் ஹம்மர்ஷோல்டு அமைதிப் பேச்சுக்குச் செல்லும் வழியில் 1961 செப்டம்பரில் விமான விபத்தில் மாண்டார். 1965-இல் ஆட்சியைக் கைப்பற்றிய மொபுட்டு 1997 வரை அந்நாட்டைச் சுரண்டினார். வெற்றி என்றும் சொல்லலாம், தோல்வி என்றும் சொல்லலாம். எனினும் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தீர்மானம் இருந்தது, அதற்குத் தேதி இருந்தது, கேள்வி கேட்பதற்கு ஒரு மன்றம் இருந்தது.

இலங்கையில் 1987-இல் வந்திறங்கிய படைக்கு இவற்றுள் எதுவும் இல்லை.

அவ்வாண்டு மே மாதத்தில் இலங்கைப் படை வடமராட்சியில் பெருந்தாக்குதல் நடத்தியது. ஜூன் 3-இல் இந்தியா அனுப்பிய நிவாரணப் படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பியனுப்பியது. மறுநாளே இந்திய விமானங்கள், போர் விமானங்களின் காவலோடு, யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொட்டலங்களை வீசின. தமிழகமே மகிழ்ந்தது, நம் தோட்டங்களிலும் மகிழ்ந்தார்கள். ஜூலை 29-இல் கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். அடுத்த நாளே இந்திய அமைதி காக்கும் படை பலாலியில் இறங்கத் தொடங்கியது. யாழ்ப்பாண மக்கள் மாலையிட்டு வரவேற்றார்கள்.

அந்த உடன்படிக்கையோடு இணைந்த கடிதங்களை நான் வகுப்பறைக்கு அப்பால் பெரியவர்களுக்கே பரிந்துரைப்பேன். தமிழரின் பாதுகாப்புக்காகச் செய்யப்பட்டதென்று நாம் நம்பிய அந்த ஏற்பாட்டில், திருகோணமலைத் துறைமுகத்தை இந்திய நலனுக்கு எதிராக எந்த நாட்டுக்கும் அளிக்கக் கூடாது என்பதும், இலங்கையில் அமைந்த அயல்நாட்டு வானொலி நிலையங்களைப் பற்றிய கவலையும் இடம்பெற்றிருந்தன. ஒரு நாடு தன் நலனைப் பார்ப்பது இயல்புதான். ஆனால் காவலுக்கு வருபவர் கையில் இரண்டு பட்டியல் இருந்தால், நெருக்கடி வேளையில் எந்தப் பட்டியலைப் பார்ப்பார் என்பதை முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும். கேட்பதற்கு ஒரு மன்றம் இல்லை. அது இரண்டு அரசுகளுக்கிடையே முடிந்த காரியம்.

செப்டம்பர் 26-இல் திலீபன் உண்ணா நோன்பிருந்து உயிர் துறந்தார். அக்டோபர் தொடக்கத்தில் கடலில் பிடிபட்ட புலிகள் 12 பேர் நஞ்சருந்தி இறந்தனர். அக்டோபர் 10 முதல், காக்க வந்த படைக்கும் புலிகளுக்கும் முழுப்போர். அக்டோபர் 21-இல், தீபாவளிக் காலத்தில், யாழ்ப்பாணப் போதனா மருத்துவமனைக்குள் புகுந்த இந்தியப் படையினர் நோயாளிகள், மருத்துவர்கள், தாதியர் என்று அறுபதுக்கும் மேற்பட்டோரைச் சுட்டுக்கொன்றனர். 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில் அறுபதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டனர். இவற்றைப் பற்றி எந்த அனைத்துலக விசாரணையும் நடைபெறவில்லை. இந்திய வீரர்களும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்த மண்ணில் மடிந்தனர். எதற்காக அனுப்பப்பட்டோம் என்பது தெளிவாகாமலேயே மாண்ட அவ்விளைஞர்களையும் நாம் மறக்கலாகாது. 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவு சென்னைத் துறைமுகம் வந்தடைந்தபோது, தமிழக முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கச் செல்லவில்லை. 1991 மே 21-இல் திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். மாலையில் தொடங்கியது எங்கே போய் முடிந்தது பாருங்கள்.

இனி, எவரும் வராத 2009.

அதைத் தனியே பார்த்தால் விளங்காது. அதற்கு முன் நிகழ்ந்த வெளியேற்றங்களிலிருந்து தொடங்க வேண்டும். 2002-இல் நார்வேயின் முயற்சியால் போர்நிறுத்தம் ஏற்பட்டபோது, நார்வே, சுவீடன், பின்லாந்து, டென்மார்க், ஐஸ்லாந்து ஆகிய நாடுகளைச் சேர்ந்த கண்காணிப்பாளர்கள் இலங்கைக்கு வந்தனர். அவர்களிடம் ஆயுதம் இல்லை, குறிப்பேடுதான் இருந்தது. 2008 ஜனவரியில் இலங்கை அரசு போர்நிறுத்த ஒப்பந்தத்திலிருந்து விலகியதும் அவர்கள் வெளியேறினர். 2008 செப்டம்பரில், பாதுகாப்புக்கு உறுதி தர இயலாது என்று அரசு கூறியதையடுத்து, ஐ.நா. ஊழியர்கள் வன்னியை விட்டுப் புறப்பட்டனர். கிளிநொச்சியில் அவர்களுடைய அலுவலக வாயிலில் மக்கள் திரண்டு, போகாதீர்கள் என்று மன்றாடினர். சுதந்திரமான செய்தியாளர்கள் போர்க்களத்துக்குள் அனுமதிக்கப்படவில்லை. சாட்சிகள் ஒவ்வொருவராகப் போன பின்னரே மிகக் கொடிய மாதங்கள் வந்தன.

கணக்குப் பாடம் நடத்துவோர்க்கு இந்த எண்கள் உறைக்கும். வன்னியில் எஞ்சியிருப்போர் ஏறத்தாழ 70,000 பேர்தான் என்று 2009 பிப்ரவரியில் அரசு கூறியது. உணவும் மருந்தும் அந்தக் கணக்கை ஒட்டியே அனுமதிக்கப்பட்டன. போர் முடிந்தபோது முகாம்களுக்கு வந்து சேர்ந்தோர் ஏறத்தாழ 2,80,000 பேர். ஐ.நா. ஊழியர்கள் இறந்தோரின் எண்ணிக்கையைத் தம்மால் இயன்றவரை திரட்டி வந்தனர். ஜனவரி இறுதியிலிருந்து மூன்றே மாதங்களில் ஏறத்தாழ 6,500 பேர் என்ற கணக்கு ஏப்ரலில் கசிந்தது. ஐ.நா. தானாக முன்வந்து அதை உலகின் முன் வைக்கவில்லை. 2011-இல் மர்சுகி தாருஸ்மான் தலைமையிலான ஐ.நா. நிபுணர் குழு, இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்று தெரிவித்தது. இலங்கை அரசு அதனை ஏற்கவில்லை. புலிகள் மக்களை வெளியேற விடாமல் தடுத்தனர், தப்பியோடியோரைச் சுட்டனர் என்பதையும் அதே குழு பதிவு செய்துள்ளது. நமக்குக் கசக்கும் பக்கத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பாதுகாப்பு மன்றம் என்ன செய்தது? இலங்கையைத் தன் முறையான நிகழ்ச்சி நிரலில் சேர்க்கவே இல்லை. உறுப்பினர்கள் முறைசாராமல் கூடிப் பேசினர். போர் முடிவதற்குச் சில நாள்களுக்கு முன்பு, மே 13-இல், கவலை தெரிவித்து ஒரு செய்தி அறிக்கை வந்தது. அவ்வளவே. லண்டன் நாடாளுமன்றத் திடலிலும் டொராண்டோ நெடுஞ்சாலையிலும் திரண்ட தமிழர்களின் குரல் அந்த மண்டபத்துக்குள் ஒரு பொருளாகக்கூட ஏறவில்லை. 2005 செப்டம்பரில்தான் உலகத் தலைவர்கள் நியூயார்க்கில் கூடி, ஓர் அரசு தன் மக்களைக் காக்கத் தவறினால் அந்தப் பொறுப்பு உலகைச் சாரும் என்று ஒப்புக்கொண்டிருந்தனர். ருவாண்டாவில் 1994-இல் கொலைகள் தொடங்கிய சில வாரங்களில் ஐ.நா. தன் படையை 270 பேராகக் குறைத்ததையும், நூறு நாள்களில் ஏறத்தாழ எட்டு இலட்சம் பேர் மாண்டதையும் எண்ணி வெட்கப்பட்டு எழுதிய வாக்குறுதி அது. நான்கே ஆண்டுகளில் அதற்கு வந்த சோதனை வன்னி.

அப்படியானால் 2009 ஏப்ரலில் படை அனுப்பியிருக்க வேண்டுமா? என் கருத்து சிலருக்கு ஏமாற்றமளிக்கலாம். சில சதுர கிலோமீட்டர் மணல்திட்டில் இலட்சக்கணக்கான மக்கள் நெருக்குண்டு கிடந்த அந்த வாரங்களில், எந்தப் படையும் மேலும் இரத்தம் சிந்தாமல் அங்கு இறங்கியிருக்க முடியாது. சீனாவும் ரஷ்யாவும் இசைந்திரா; இந்தியா மறுபடியும் அந்தப் பக்கம் கால் வைத்திராது. படை கேட்டு நாம் கூக்குரலிட்ட நேரத்தில் படைக்கான காலம் கடந்திருந்தது. கேட்டிருக்க வேண்டியது 2008 செப்டம்பரில். கேட்டிருக்க வேண்டியதும் வேறு. ஊழியர்கள் அங்கேயே தங்க வேண்டும், எண்ணிக்கையை அன்றாடம் வெளியிட வேண்டும், மன்றம் அதனை நிகழ்ச்சி நிரலில் ஏற்ற வேண்டும் என்பவை அவை. ஆயுதமற்ற செஞ்சிலுவைச் சங்கம் 2009 பிப்ரவரி முதல் மே மாதத் தொடக்கம் வரை புதுமாத்தளன் கடற்கரையிலிருந்து காயமுற்றோரையும் அவர்தம் உறவினரையும் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றிக் காப்பாற்றியது. 2012 நவம்பரில் வெளிவந்த ஐ.நா.வின் உள் ஆய்வறிக்கையும், படை அனுப்பாததை அன்றி, தன் ஊழியர்களும் தலைமையும் பேசத் தவறியதையே அமைப்பின் தோல்வி என்று ஒப்புக்கொண்டது.

"சாட்சி இருந்தால் போதுமா? ஸ்ரெப்ரெனிகாவில் ஐ.நா. வீரர்கள் இருந்தார்களே!" என்று சக ஆசிரியர் ஒருவர் என்னிடம் வாதிட்டார். நியாயமான கேள்வி. 1995 ஜூலையில் ஐ.நா.வின் 'பாதுகாப்புப் பகுதி' என்று அறிவிக்கப்பட்ட அவ்வூரில், டச்சு வீரர்கள் இருக்கும்போதே ஏறத்தாழ 8,000 ஆண்களும் சிறுவர்களும் பிடித்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு ஆகஸ்டில் நேட்டோ விமானங்கள் குண்டு வீசத் தொடங்கிய பின்னரே போர் ஓயும் நிலைக்கு வந்தது. எனவே படை வேண்டவே வேண்டாம் என்று கூற என்னால் இயலவில்லை. அனுமதி அளிக்கும் அதிகாரம் உலக மன்றத்திடம் இருக்கத்தான் வேண்டும். அம்மன்றத்திடம் மட்டுமே இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். அண்டை நாட்டிடம் விட்டால் திருகோணமலைக் கடிதம்தான் மிஞ்சும். அளிக்கும் அனுமதியும் மக்களைக் காப்பதோடு நிற்க வேண்டும். லிபியாவில் 2011 மார்ச் 17-இல் 10 நாடுகள் ஆதரிக்க, 5 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்க, பொதுமக்களைக் காக்கவே அனுமதி வழங்கப்பட்டது. அது ஆட்சியைக் கவிழ்ப்பதில் முடிந்தது. அடுத்து வந்த சிரியாவில் ரஷ்யாவும் சீனாவும் தீர்மானங்களைத் தடுத்தபோது லிபியாவையே காரணங்காட்டின. வரம்பு மீறிய ஓர் அனுமதி, அடுத்த நாட்டு மக்களின் வாயிலை அடைத்துவிடுகிறது.

வீட்டோவைப் பற்றி மலேசியர்க்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1964 செப்டம்பர் 2-இல் இந்தோனேசிய வான்குடைப் படையினர் ஜொகூரின் லாபிஸ் பகுதியில் இறங்கினர். நம் மலாக்காவின் தெரண்டாக் முகாமில் இருந்த நியூசிலாந்துப் படையினரும் கூர்க்கா படையினரும் அவர்களைத் தேடிப் பிடித்தனர். மலேசியா பாதுகாப்பு மன்றத்தில் முறையிட்டது. 9 நாடுகள் ஆதரித்தும் சோவியத் ஒன்றியத்தின் வீட்டோவால் தீர்மானம் விழுந்தது. 2015 ஜூலை 29-இல், உக்ரேனின் கிழக்கே போர் நடந்த வான்வெளியில் சுட்டு வீழ்த்தப்பட்ட எம்.எச்.17 விமானத்தின் 298 உயிர்களுக்காகத் தீர்ப்பாயம் கோரினோம். அதுவும் ரஷ்யாவின் ஒற்றை வீட்டோவால் விழுந்தது. உள்நாட்டுப் போர் என்பது தொலைவில் இருக்கும் பிறர் துன்பம் என்று எண்ணுவோர்க்கு அந்த விமானம் ஒன்றே போதும்.

நம் நாட்டுக்கு வீட்டோ இல்லை, வாக்கு உண்டு. இலங்கைப் போர் முடிந்த ஒன்பதாம் நாள், 2009 மே 27-இல், ஜெனிவாவில் ஐ.நா. மனித உரிமை மன்றம் கூடியது. விசாரணை கோராமல், பயங்கரவாதத்தை வென்றதற்காக இலங்கை அரசைப் பாராட்டும் தொனியில் அமைந்த தீர்மானம் அங்கே வாக்குக்கு வந்தது. 29 நாடுகள் ஆதரித்தன, 12 எதிர்த்தன, 6 நடுநிலை வகித்தன. ஆதரித்த 29-இல் இந்தியாவும் மலேசியாவும் இருந்தன. 2012 மார்ச்சில் அதே மன்றத்தில், இலங்கை தன் சொந்த ஆணையத்தின் பரிந்துரைகளை நிறைவேற்றிப் பொறுப்புக்கூற வேண்டும் என்னும் தீர்மானம் 24-க்கு 15 என்ற கணக்கில் நிறைவேறியது. அம்முறை இந்தியா ஆதரித்தது. மலேசியா நடுநிலை வகித்தது. காங்கோவையும் சோமாலியாவையும் போஸ்னியாவையும் காலவரிசையில் எழுதும் ஆசிரியர்கள், படை எதுவும் போகாத இவ்விரு தேதிகளையும் அவற்றின் கீழே எழுதிக்கொள்ளலாம்.